பல்லு வச்ச கேக்

அக்கா, அந்தப் பெட்டிய மிதிச்சிராதீங்க. ம்ஹூம், மிதிச்சாலும் ஒண்ணுமில்ல, வெறும் பெட்டிதான். காலைல இதே பெட்டிய மடியில வச்சுக்கிட்டு மூச்சு விடாம வந்தேன், இப்ப கால்மாட்டுல கெடக்கு. நீங்க நல்லா கால நீட்டி உக்காருங்க. திருநெல்வேலிதான? நானும் அங்கதான் எறங்கணும்.

அழல அக்கா. ஜன்னல் காத்து கண்ணுல அடிக்கி.

சரி, அழுதேன்தான். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது? இனிமே நான் உங்களப் பாக்கவா போறேன், நீங்க என்னப் பாக்கவா போறீங்க. என்ன ஏதுன்னு கேட்டீங்கள்லா, அதுவே போதும். எம்பிள்ளையோட பொறந்தநாளுக்குப் போயிட்டு வாரேன். எம்பேரு முப்புடாதி. பாளையங்கோட்டைல ஒரு பேக்கரில கேக்குக்கு ஐசிங் போடுத வேலை.

முதல்ல என் மதினியப் பத்திச் சொல்லிருதேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். பேச்சியம்மான்னு பேரு. என் வீட்டுக்காரருக்குக் கூடப் பொறந்த அக்கா, எங்க தெருவுலயேதான் வீடு. ஊர்ல போயி கேட்டுப் பாருங்க, தங்கம்னு சொல்லுவாங்க. நானும் அப்படி நம்பித்தான் மோசம் போனேன். எங்க வீட்டுக்காரரு மஞ்சக்காமாலைல போயிச் சேந்தப்ப எம்பிள்ளைக்கு ரெண்டு வயசு. பொறவு ஒரு வருசம் இழுத்துப் பறிச்சுப் பாத்தேன், முடியல. மஸ்கட்ல ஒரு வீட்டுல சமையலுக்கு ஆள் வேணும்னாங்க. 'நீ போ முப்பு, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்'ன்னா மதினி. பாத்துக்கிடுதேன்னுதான் சொன்னா. எடுத்துக்கிடுதேன்னு சொல்லலைல்லா?

எம்பிள்ள பேரு இசக்கிராஜா. எனக்கு ராசா. எங்க தெருவுல ஒரு பொட்ட நாய் கெடந்துது, செவலை நெறம், நெஞ்சுல மட்டும் வெள்ளை, ஒரு காது மடங்கிக் கெடக்கும். 'எம்மகன் ராசா, இது ராணி'ன்னு அவங்கப்பாதான் அதுக்குப் பேரு வச்சாரு. யக்கா, எம்பிள்ளைக்கு அது இல்லாம சோறு எறங்காது. அதுக்கு ஒரு வாய் போட்டாத்தான் இவன் ஒரு வாய் வாங்குவான். அது வாய்க்குள்ள கைய விட்டு பல்ல எண்ணுவான்! அதுவும் ஆன்னு காட்டிட்டு உக்காந்திருக்கும், ஒண்ணும் செய்யாது. நான் மஸ்கட்டுக்குக் கெளம்புன அன்னிக்குக்கூட அது வாலப் புடிச்சு இழுத்துக்கிட்டு கெக்கேன்னு சிரிச்சுட்டு இருந்தான். கிட்டப் போனா அழுவான்னு, தூரத்துல நின்னு பாத்துட்டு ஏறிட்டேன். மஸ்கட்ல அத்தன வருசமும் கண்ண மூடுனா அதான் வரும். பிள்ளையும் நாயும்.

நடுவுல வரலாம்னு பாத்தேன். அந்த வீட்டு மேடம் விடல. அவ விடுதேன்னு சொல்லும்போது கொரோனா சீக்கு வந்து ப்ளேன நிப்பாட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமைதான் போன் பேசலாம். பேசுவேன். 'ராசா, சாப்டியா? ராணி என்ன செய்யுது?'ன்னு கேப்பேன். மொதல்லயெல்லாம் அதுவும் இவனும் சேந்து கொலைப்பாங்க போன்ல. பொறவு பொறவு ராணின்னு சொன்னாலே போன அத்தைகிட்ட குடுத்துட்டு ஓடிருவான். நான் என்ன நெனச்சேன், சிக்னல் இல்ல போலன்னு நெனச்சேன். 'ராணி எப்படி இருக்கு மதினி'ன்னா, 'இருக்கு, இருக்கு, நீ ஒடம்பப் பாத்துக்கோ'ன்னுருவா. நம்பிட்டேன்.

இந்த வருசம்தான் மொத்தமா முடிச்சுட்டு வந்தேன். நேரா மதினி வீட்டுக்குத்தான் போனேன். எம்பிள்ள வளந்துட்டான் அக்கா. ஒம்பது வயசு ஆகப்போவுது. வகிடு எடுத்து தலை சீவி, கைல நகம் வெட்டி, சட்டைல பட்டன் ஒண்ணுகூட பிஞ்சிருக்காம நிக்கான். வாங்கன்னான். வாங்கம்மான்னுகூட இல்ல, வாங்க! யாரு சொல்லிக் குடுத்தது? அவதான். கிளாஸ்ல மொத ரேங்காம். அதையும் அவதான் சொல்லுதா, என்னமோ இவ பெத்த மாதிரி. செவுத்துல பாத்தேன், என் போட்டோவ சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி, அதுக்கும் பொட்டு வச்சிருக்கா. தெனமும் பள்ளிக்கூடம் போகும்போது கும்புட்டுட்டுத்தான் போவானாம். உசுரோட இருக்கவ படத்தை அப்படி மாட்டுவாங்களா அக்கா? செத்தவ மாதிரி ஆக்கிட்டாள்லா.

அன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்னு நின்னேன். மதினி கையப் புடிச்சுக்கிட்டு, 'முப்பு, கொஞ்சம் பழகட்டும். அவன் பொறந்தநாளுக்கு வா. நீயே அவங்கிட்ட கேளு. வாரேன்னு சொன்னா அன்னிக்கே துணிமணிய எடுத்து வச்சு அனுப்பிருதேன், சத்தியம்'ன்னா. எப்படிப் போடுதா பாத்தீங்களா பந்த? சரின்னுட்டேன். எம்பிள்ளைய எங்கிட்டக் கூப்புட எனக்குத் தெரியாதா? பேக்கரில வேலைக்குச் சேந்து, பாளையங்கோட்டைலயே வீடு புடிச்சேன், பள்ளிக்கூடத்துலயும் எடம் கேட்டு வச்சேன். கட்டிலுக்கு ஒரு குட்டித் தலகாணிகூட வாங்கிட்டேன்.

பொறந்தநாளுக்கு என்ன கொண்டு போவன்னு நான் யோசிக்கவே இல்ல. ராணிதான். ராணிய அப்படியே கேக்கா செஞ்சு கொண்டு போயி முன்னால வச்சா, சின்ன வயசு அத்தனையும் அவனுக்கு ஞாபகம் வந்துரும்லா? அந்த நாயோட சேந்து அம்மாவும் ஞாபகம் வருவாள்லா? அப்படித்தான் அக்கா நெனச்சேன்.

மஸ்கட் மேடம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் காரு, கப்பல், பொம்மை எல்லாம் கேக்குல செஞ்சிருக்கேன். நாய் செஞ்சதில்ல. கஷ்டம் அக்கா அது. ஸ்பாஞ்சு கேக் ஆகாது, கத்தி வச்சா உதுந்துரும். பட்டர் கேக்குதான், அதையும் ஆற வச்சு மறுநாள் செதுக்கணும். ஒடம்புக்கு நீளத் தட்டுல ரெண்டு கேக், தலைக்குக் கிண்ணத்துல ஒண்ணு. உக்காந்த மாதிரி செஞ்சா பஸ்சு குலுக்குற குலுக்குல கவுந்துரும்னு, படுத்துக்கிட்டு தலையத் தூக்கிப் பாக்குற மாதிரி செஞ்சேன். கழுத்துக்குள்ள குச்சி குடுத்து நிப்பாட்டுனேன். கொக்கோ போட்ட ஐசிங்க கோன்ல அடைச்சு முடி முடியா இழுத்தேன், ஒடம்பு பூரா. நெஞ்சுல வெள்ளை. காது ரெண்டும் சர்க்கரை மாவுல, ஒண்ணு மடங்குனாப்ல. கண்ணுக்கு கருப்பு சாக்லேட்ட வச்சு அதுக்கு மேல ஊசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி வச்சேன் பாருங்க, உசுரு வந்துட்டு. எனக்கே ஒடம்பு சிலுத்துப் போச்சு.

வாயத் தொறந்து, நாக்க வெளிய விட்டு, பல்லும் வச்சேன். கடை ஞானதுரை அண்ணாச்சி எட்டிப் பாத்துட்டு, 'ஏ முப்புடாதி, பல்லு எதுக்கு? சின்னப் பிள்ள கேக்குக்கு நாக்கு மட்டும் போதும், சிரிச்சாப்ல இருக்கும்'ன்னாரு. 'அண்ணாச்சி, எம்பிள்ள பல்ல எண்ணுவான், பல்லு இல்லைன்னா ராணி இல்லைன்னுருவான்'ன்னேன். ஒவ்வொரு பல்லா சர்க்கரை மாவுல உருட்டி, கோரைப்பல்ல மட்டும் கூரா கிள்ளி ஒட்டுனேன். 'உன் பிள்ள, உன் நாய், என்னமும் செய்யி'ன்னுட்டுப் போயிட்டாரு. எங்க கடைல அதுக்கு முன்னால அப்படி ஒரு கேக் யாரும் செஞ்சது இல்ல, அத அவரே சொன்னாரு.

வெயில் ஏறுனா ஐசிங் எளகிரும்னு விடியக்காலம் மொத பஸ்சப் புடிச்சேன். கண்டக்டரு பெட்டிய எறக்கிக் கீழ வைங்கன்னாரு. தொறந்து காட்டுனேன். ஏயப்பா, உறுமிராதம்மான்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. பஸ்சே திரும்பிப் பாத்துது. 'யாருக்கும்மா'ன்னு கேட்டாங்க. 'எம்மகனுக்கு'ன்னு சொன்னேன். திரும்பத் திரும்ப சொல்லணும் போல இருந்துச்சு அக்கா, எம்மகனுக்கு, எம்மகனுக்குன்னு.

அங்க போனா மதினி எல்லாம் தடபுடலா செஞ்சு வச்சிருக்கா. பாயசம், வடை, பலூன். பிள்ளைக்குப் புதுச் சட்டை, புதுக் கால்சட்டை. கூடப் படிக்கற பயலுக நாலஞ்சு பேரு வேற. நான் வாசல்ல கால் வச்சதும், 'ராசா, அம்மா வந்துட்டா பாரு, கால்ல விழுந்து கும்புடு'ன்னு அனுப்புதா. படம் காட்டுதாளாம்! அவன் வந்து விழுந்தான். தூக்கி மோந்து பாத்தேன். அவ வீட்டு சோப்பு வாசனைதான் அடிச்சுது.

ஸ்டூல்ல பெட்டிய வச்சேன். 'ராசா, கண்ண மூடு'ன்னேன். மூடுனான். பயலுகளும் சுத்தி நின்னானுக. மதினி எலை போட்டுட்டு இருந்தவ, 'என்ன முப்பு கொண்டாந்த?'ன்னு வந்தா. பெட்டிய நாலு பக்கமும் பிரிச்சு விட்டேன். ராணி தலையத் தூக்கி அவனையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு முடி கலையல அக்கா, அத்தன தூரம் வந்தும். 'இப்பத் தொற ராசா, யாரு வந்திருக்கா பாரு'ன்னேன்.

தொறந்தான்.

சத்தம் போடல. கத்தியிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். அப்படியே நின்னான். உதடு வெள்ளையாப் போச்சு. புதுக் கால்சட்டை நனைஞ்ச மாதிரி இருந்துச்சு, என்னன்னு நான் பாக்கதுக்குள்ள இந்த மதினி ஓடியாந்து தண்ணிச் செம்பத் தட்டி அவன் மேலயே கவுத்திட்டா. எந்த நேரத்துல பாருங்க! கை கால் ஒரு நெதானத்துல இருக்கா அவளுக்கு? 'அய்யய்யோ, தண்ணியக் கொட்டிட்டனே, சட்டையெல்லாம் நனைச்சிட்டனே'ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிக்கிட்டு அவன வாரி அள்ளிக்கிட்டு உள்ள போயிட்டா. ஒம்பது வயசுப் பிள்ள, அவ இடுப்புல ஏறி கழுத்தக் கட்டிக்கிட்டுப் போறான். நான் கேக்குக்குப் பக்கத்துல நிக்கேன்.

உள்ள போனேன். கதவுக்குப் பின்னால அவன உக்கார வச்சு தொடைச்சு விட்டுட்டு இருந்தா. 'என்ன மதினி, என்ன ஆச்சு?'ன்னேன். அவ பிள்ளையோட தொடையக் காட்டுனா. தழும்பு அக்கா. பெரிய தழும்பு, தையல் போட்டது. போன வருசம் ராணி குட்டி போட்டிருந்துதாம். இவன் குட்டியத் தூக்கப் போயிருக்கான். புடிச்சிட்டுது. விடலையாம். இவதான் வாய்க்குள்ள கைய விட்டுப் பிரிச்சாளாம், அவ கைலயும் இருக்கு ஒரு தழும்பு. ஊசி, ஆசுபத்திரி, காய்ச்சல். ராத்திரியெல்லாம் அலறுவானாம், இவ பக்கத்துல படுத்து கையப் புடிச்சுக்கிட்டே இருப்பாளாம். நாய கண்மாய்க்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுட்டாங்களாம். 

'எங்கிட்ட ஏன் சொல்லல'ன்னு கேட்டேன். 'கடல் தாண்டி கெடக்கியே, தனியா அழுவியேன்னுதான் சொல்லல முப்பு. வந்த பொறவு சொல்லலாம்னா, வாய் வரல'ங்கா. எப்படி இருக்கு? எம்பிள்ள ஒடம்புல ஒரு தழும்பு கெடக்கு, பெத்த எனக்குத் தெரியல! மச்சம் எங்க இருக்குன்னு நான் சொல்லுவேன், தொப்புளுக்குக் கீழ ஒண்ணு, முதுகுல ஒண்ணு. இந்தத் தழும்பு எனக்குத் தெரியல. அந்தப் பல்ல நானில்லா உருட்டுனேன். இந்தக் கையாலல்லா கிள்ளிக் கூராக்குனேன்.

அதுக்குப் பொறவு அவ செஞ்சத கேளுங்க. வெளிய வந்து ஒரு கத்திய எடுத்தா. என் கண்ணு முன்னால ராணி காத வெட்டி எடுத்துட்டா. பல்ல ஒண்ணொண்ணாப் புடுங்கி எலைல போட்டா. தலையத் தனியா எடுத்து நசுக்கி, முதுகெல்லாம் கரண்டியத் தண்ணில முக்கி முக்கித் தடவி வழிச்சு, சும்மா ஒரு பாறாங்கல்லு மாதிரி ஆக்கிட்டா. எத்தன மணிநேரம் முடி முடியா இழுத்தேன்! மனசு இருக்கவ செய்வாளா இத? செஞ்சுட்டு உள்ள பாத்துச் சொல்லுதா, 'ராசா, வாய்யா, நாயெல்லாம் ஒண்ணும் இல்ல. அம்மா உனக்குன்னு சாக்லேட்டு கேக்கு செஞ்சு கொண்டாந்திருக்கா'ன்னு. எனக்கு ரெக்கமண்டு பண்ணுதாளாம்.

வந்தான். வேற கால்சட்டை போட்டுட்டு, அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டு. கேக்க வெட்டுனான். 'மொதல்ல அம்மாவுக்கு ஊட்டு'ன்னா. கைய நீட்டி ஊட்டுனான் அக்கா. எட்டவே நின்னு, ஒரு துண்டு. நான் வாங்கிக்கிட்டேன். பொறவு அவனும் தின்னான், நல்லாருக்குன்னான். பயலுகளும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னானுக. மிச்சமே இல்ல.

எல்லாரும் போன பொறவு கேட்டேன். மண்டி போட்டு அவன் ஒசரத்துக்கு உக்காந்து, 'ராசா, அம்மாகூட வாரியா?'ன்னு. அவன் அவளப் பாத்தான். அவ செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டா, அழுத்தக்காரி. 'போய்யா. அம்மால்லா கூப்புடுதா, போ'ன்னா. இப்படிச் சொன்னா எந்தப் பிள்ளதான் வரும்? அவன் என்னையப் பாத்து, ரொம்ப மரியாதையா கேட்டான் அக்கா.

'எத்தன நாளைக்கு?'ன்னான்.

நான் என்னத்தச் சொல்ல? வீடு புடிச்சிருக்கேன்னு சொல்லவா, பள்ளிக்கூடத்துல எடம் கேட்டிருக்கேன்னு சொல்லவா? தலகாணி வாங்கி வச்சிருக்கேன்னு சொல்லவா? 'லீவுக்கு வா ராசா'ன்னுட்டேன். சரின்னு தலைய ஆட்டுனான். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டுது.

பஸ் ஏத்தி விட ரெண்டு பேரும் வந்தாங்க. அவன் நடுவுல, அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். காலிப் பெட்டிய நான் தூக்கிக்கிட்டேன். டீக்கடைக்கிட்ட ஒரு நாய் படுத்துக் கெடந்துது. கருப்பு நாய், எலும்பும் தோலுமா. மதினி பக்கமா எந்திரிச்சு வந்துச்சு. யக்கா, எம்பிள்ள சட்டுனு என் பக்கம் திரும்பி என்னக் கட்டிக்கிட்டான். ரெண்டு கையாலயும். மூஞ்சிய என் வயித்துல வச்சு அழுத்திக்கிட்டான். அவன் மூச்சு சுடுச்சு எனக்கு. பெட்டிய அப்படியே கீழ போட்டுட்டேன். மூணு வயசுக்குப் பொறவு எம்பிள்ள எம்மேல ஒட்டுனது அப்பத்தான். அவன் தலைல கைய வச்சேன். 

அந்த நாய் பெட்டிய மோந்து பாத்துட்டு அங்கயே நின்னுச்சு. நான் அத விரட்டல. அசையவே இல்ல. பிள்ள வெடவெடன்னு நடுங்குதான், எனக்குத் தெரியுது. ஆனா நான் அந்த நாயப் பாத்து மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டு நிக்கேன், போயிராத தாயி, போயிராத, இன்னும் கொஞ்சம் நில்லுன்னு.

மதினிக்குப் பொறுக்குமா? குனிஞ்சு கல்ல எடுத்துட்டா. 'சீ, போ அந்தால'ன்னு ஒரே வீச்சு. அது ஓடிப் போச்சு. 'போயிட்டு ராசா, போயிட்டு, பயப்படாத'ன்னா. அவன் கைய எடுத்துட்டான். எடுத்துட்டு அவ பக்கத்துல போயி நின்னுக்கிட்டான். பஸ்சும் வந்துட்டு.

நீங்களே சொல்லுங்க அக்கா. அது பாட்டுக்கு நின்னுட்டுப் போற நாய். கடிக்கல, கொலைக்கல. அத விரட்டாம இன்னும் ஒரு நிமிசம் விட்டிருந்தா, அவளுக்கு என்ன கொறஞ்சு போயிரும்?